பச்சையாக இருந்தால் போதுமா? கிராஞ்சியில் 96 சதுர மீட்டர் மேய்ச்சல் நிலம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பை புல்லையும் உலர்த்தி எடை போட்டு முடித்தேன். சிங்கப்பூரின் கிராஞ்சியில், கொட்டிக் கிடந்த இறுகிய மண்ணில் மேய்ச்சல் புல் வளர்த்துப் பார்த்த இரண்டரை ஆண்டு வேலை ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தில் இரண்டு வரியாக நிற்கிறது. நிலத்தை மூடுவதில் எங்கள் புல் தேறிவிட்டது. விளைச்சலில் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்பதும் கம்பியை மண்ணில் இறக்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் நிலவனப்பு வேலையில் மேற்பார்வையாளன். எங்கள் தொழிலில் புல்தரையை ஒப்படைக்கும் நாள் என்று ஒன்று உண்டு. பாய் பாயாகப் புல்லைக் கொண்டுவந்து விரிப்போம், காலையும் மாலையும் தண்ணீர் விடுவோம், உரம் போடுவோம். ஒப்படைக்கும் நாளில் படம் எடுத்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனால் பாதி மஞ்சள், பாதி வெறும் மண். அந்தப் படத்தை நம்பி எத்தனை முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவருக்கு விருத்தாசலம் பக்கம் ஊர், நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு அருகில். திறந்தவெளிச் சுரங்கத்தில் மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் தோண்டி மலைபோலக் குவிப்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவர் சொன்னார்: "அண்ணா, அந்த மண்மேட்டில் ஒரு மழைக்குப் பச்சை வந்துவிடும். எங்கள் ஊரில் அதை மேய்ச்சல் என்று சொல்ல மாட்டார்கள். ஆடு கடித்த பிறகு மறுபடி தழைத்தால்தான் மேய்ச்சல்."

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான், சுரங்கம் தோண்டிய நிலத்தில் மேய்ச்சல் புல் வந்துவிட்டது என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் எனத் தேடத் தொடங்கினேன். அமெரிக்காவில் மேற்பரப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்காக 1977இல் ஒரு சட்டம் வந்தது. நிலத்தைத் திரும்பச் சீராக்கிக் காட்டும்வரை நிறுவனம் கட்டிய பிணைத்தொகை முழுமையாகத் திரும்பாது. மேய்ச்சல் நிலமென்றால் இரண்டைப் பார்க்கிறார்கள்: உயிருள்ள செடி நிலத்தை எவ்வளவு மூடியிருக்கிறது, எவ்வளவு விளைகிறது. இரண்டையும் தோண்டப்படாத ஒப்பீட்டு நிலத்தோடு வைத்துப் பார்த்து, அதில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். அளவெடுப்பில் 90 விழுக்காடு நம்பகமும் வேண்டும். ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேல் பெய்யும் இடத்தில் பொறுப்புக் காலம் (நிறுவனம் அந்த நிலத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிய காலம்) ஐந்து ஆண்டு; அதற்குக் குறைந்த மழையுள்ள இடத்தில் பத்து. மழை மிகுந்த இடத்து மேய்ச்சல் நிலம் முதல் ஆண்டைத் தவிர்த்து ஏதாவது இரண்டு ஆண்டுகளில் தேறிக்காட்ட வேண்டும். என்னை உலுக்கியது இன்னொரு விதி. பொறுப்புக் காலம் விதைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. கடைசியாக உரம் போட்ட, மறுவிதைப்புச் செய்த, தண்ணீர் பாய்ச்சிய ஆண்டு முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. எங்கள் தொழிலில் அந்த ஒரு விதி இருந்தால் எத்தனை புல்தரைகள் தேறும்!

சிங்கப்பூரில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஆனால் தோண்டிய நிலம் நமக்குப் புதிதில்லை. பொத்தோங் பாசிர் என்ற பெயருக்கே மணல் வெட்டுதல் என்றுதான் பொருள். கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் 1929இல் மாட்டுப் பண்ணை தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே கருங்கல் குழி இருந்தது. இன்று இரண்டும் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அங்கே நடக்கும்போதெல்லாம், மாடு மேய்ந்த புல்லும் வெடிவைத்த பாறையும் இவ்வளவு நெருக்கத்தில் இருந்திருக்கின்றனவே என்று நின்று பார்ப்பேன்.

எங்களுக்குக் கிடைத்தது கிராஞ்சியில் ஒரு நாற்றுப் பண்ணையின் பின்மூலை. கட்டுமானத்துக்காக எங்கோ தோண்டிய கருங்கல் சிதைமண்ணைப் பல ஆண்டுகளுக்கு முன் அங்கே கொட்டி, லாரி ஏற்றி அமுக்கியிருந்தார்கள். 12 மீட்டருக்கு 8 மீட்டர், லேசான சரிவு. மேல்மண் துளிகூட இல்லை. சுரங்கக் கழிவு மண்ணுக்கு இதைவிட நெருக்கமாக இந்தத் தீவில் எதுவும் நம் கைக்கு வராது என்று தோன்றியது. தவுக்கேயிடம் (பண்ணை முதலாளியிடம்) கேட்டோம், சரி என்றார். அதே சரிவில், வேலிக்கு இந்தப் பக்கம், யாரும் உரம் போடாமல் பல காலமாகக் கிடக்கும் புல்தரை ஒன்று இருந்தது. அதையே ஒப்பீட்டு நிலமாக வைத்துக்கொண்டோம்.

மார்ச் 2023. முதலில் மண்ணின் இறுக்கம். கெட்டிப்பால் டின் ஒன்றின் இரு பக்கத்தையும் வெட்டி, மரக்கட்டையை மேலே வைத்துச் சுத்தியலால் மண்ணுக்குள் இறக்கினேன். டின்னின் கொள்ளளவு 310 மி.லி. உள்ளே வந்த மண்ணைக் காயவைத்து எடை போட்டால் 530 கிராம். அதாவது கன சென்டிமீட்டருக்கு 1.7 கிராம். வேர் இறங்கத் திணறும் இறுக்கம். அமில காரக் குறி (pH) 4.6, அமிலம் மிகுந்த மண்.

இவ்வளவு தெரிந்தும் முதல் தவறைச் செய்தேன். தொழில் பழக்கம்தான் காரணம். ஏ.எஸ்.எம் என்று நாங்கள் சொல்லும் கலவை மண்ணை (மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கு உரம், ஒரு பங்கு மணல்) ஐந்து கன மீட்டர் வாங்கி, இறுகிய தரைமேல் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, கௌ கிராஸ் (இங்கே புல்தரைக்கு வழக்கமாக நடும் புல்) துண்டுகளை நட்டோம். மண்ணுக்கு மட்டும் 310 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஏப்ரல் கடைசியில் ஒரு விடியற்காலை சுமத்ராப் பக்கமிருந்து வரும் பலத்த காற்றோடு மழை அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால், தோசைக்கல்லிலிருந்து தோசையை உரித்ததுபோல் புல்லும் மண்ணும் சேர்ந்து அடிவாரத்தில் சுருண்டு கிடந்தன. வேர்கள் ஐந்து சென்டிமீட்டர் இறங்கி, அடியிலிருந்த இறுகிய மண்ணை முட்டிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன.

ஜூனில் மறுபடி தொடங்கினோம். இந்த முறை மண்ணைக் கிளறுவதிலிருந்து. பிக்காசும் சங்குலும் (மண்வெட்டி) கடப்பாரையும் எடுத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குத்தினோம். கீழ்ப்பாதியில் 30 சென்டிமீட்டர் ஆழம் போனது. மேல்பாதியில் கல் அதிகம். மூன்றாம் ஞாயிறு பிற்பகலில் கை கொப்பளித்துவிட்டது. 15 சென்டிமீட்டரோடு நிறுத்தினோம். அன்று நோட்டில் "எல்லா இடமும் சுமார் 25 செ.மீ." என்று எழுதினேன். அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. அதன் விலையைப் பின்னால் கொடுத்தேன்.

அடித்துப்போன கலவை மண்ணை அள்ளிக் கொண்டுவந்து கலந்தோம். டோலமைட் சுண்ணாம்பு 25 கிலோ மூட்டை ஒன்று. சரிவுக்குக் குறுக்கே தென்னைநார் உருளை இரண்டு வரிசை. கௌ கிராஸ் 20 சென்டிமீட்டர் இடைவெளியில், நடுநடுவே நிலக்கடலைக் கொடி (மஞ்சள் பூப் பூக்குமே, நாற்றுப் பண்ணைகளில் தரைமூடியாக விற்பது), 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கினியா புல் தூர். ஊரிலென்றால் முயல் மசாலும் கொழுக்கட்டைப் புல்லும் விதைத்திருப்பேன் என்று தம்பி ஏங்கினார். வெளிநாட்டு விதைக்கு அனுமதி வாங்கும் வேலைக்கு நான் போகவில்லை. மூன்று மாதம் கழித்து அதே டின்னை இறக்கினால் கீழ்ப்பாதியில் 1.4. மேல்பாதியில் டின்னை இறக்கவில்லை. இன்னொரு தவறு.

ஆகஸ்ட் மாதம், பத்து வாரம் ஆனபோது, நிலம் அழகாக இருந்தது. தவுக்கே வந்து பார்த்து "பாகுஸ்" (மலாயில் நன்று) என்று கட்டைவிரலைக் காட்டினார். அன்று ஒரு சோதனை வைத்தேன். அரையங்குல பிவிசி குழாயில் 50 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்று செய்தேன். குழாய், நான்கு மூலை இணைப்பு எல்லாம் சேர்த்து 6 வெள்ளி 40 காசு. அதை ஓரிடத்தில் வைத்து, உள்ளே எத்தனை விழுக்காடு பச்சை என்று மூன்று பேரையும் தனித்தனியாகத் தாளில் எழுதச் சொன்னேன். தவுக்கே 95, நான் 90, தம்பி 75. ஒரே சட்டம், ஒரே நேரம். வேலையை நேசிப்பவன் கண் கூட்டித்தான் போடும். என் கண்ணை நான் நம்பக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சட்டத்தை வைக்கும் இடமும் சிக்கல்தான். முதலில் தோளுக்குப் பின்னால் எறிந்து பார்த்தேன். எறிந்தால் நடுவிலேயே விழுகிறது, ஓரங்களில் விழுவதே இல்லை. கல்மேல் விழுந்தபோது என்னையறியாமல் காலால் தள்ளிவிட்டேன். அதன்பிறகு இரண்டு பிளாஸ்டிக் டப்பாவில் எண் சீட்டுகளைப் போட்டு, ஒன்றிலிருந்து நீளம், மற்றதிலிருந்து அகலம் என்று எடுத்தோம். சீட்டில் வந்த இடம் குப்பைமேடாக இருந்தாலும் அங்கேதான் அளக்க வேண்டும்.

மூடலை அளக்கக் கடைசியில் புள்ளிக் கணக்குக்கு மாறினோம். 10 மீட்டருக்கு அளவு நாடாவை இழுத்துக் கட்டி, 20 சென்டிமீட்டருக்கு ஒருமுறை கம்பியை நேர்க்குத்தாக இறக்க வேண்டும். கம்பியின் முனை முதலில் எதைத் தொடுகிறதோ அதை எழுத வேண்டும்: நட்ட புல், கொடி, களை, சருகு, கல், வெறும் மண். ஒரு கோட்டுக்கு 50 புள்ளி. முதலில் தடித்த கம்பி எடுத்துவிட்டேன். கம்பி தடித்தால் இலையில் இடிக்கும் வாய்ப்பு கூடும்; நிலம் உள்ளதைவிடப் பச்சையாகத் தெரியும். சைக்கிள் சக்கரக் கம்பி, இரண்டு மில்லிமீட்டர், இந்த வேலைக்குப் பொருத்தம். காற்று எழுந்தால் புல் அசைந்து குழப்பும். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஒருவர் கம்பி இறக்க, மற்றவர் எழுத வேண்டும். எழுதுபவர் நிலத்தைப் பார்க்கக் கூடாது. இந்த ஏற்பாடு தம்பியுடையது, மிக நல்ல ஏற்பாடு.

நான்கு கோடு, 200 புள்ளி. பச்சை மொத்தம் 84 விழுக்காடு. சருகு 5. கல்லும் வெறும் மண்ணும் 11. முதல் பார்வையில் மகிழ்ச்சிதான். பிரித்துப் பார்த்தபோது அந்த 84இல் 29 களை: தொட்டாற்சிணுங்கி, கோரை, ஓரத்தில் லாலாங் என்னும் முரட்டுப் புல். மாடு ஆடு மேயும் புல்லும் கொடியும் 55 மட்டுமே. கோடு வாரியாக 62, 48, 66, 44. ஒப்பீட்டு நிலத்தில் அதே கணக்கு 88. அதில் 90 விழுக்காடு என்றால் 79. நாங்கள் அருகில்கூட இல்லை. மேய்ச்சல் நிலம் என்று சொன்ன பிறகு முற்றிய லாலாங்கை வெற்றிக் கணக்கில் சேர்க்க முடியாது. தவுக்கேக்கு இதை விளக்கியபோது அவர் நெடுநேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

களையைக் கையால் பிடுங்கினோம். செப்டம்பர் 2023இல் கடைசி உரம், அதன்பின் எதுவும் போடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். பிப்ரவரி இங்கே மழை குறைந்த மாதம். 2024 பிப்ரவரிக்குப் பின் மேல்பாதி மஞ்சளடித்தது. ஒருநாள் மார்ச் மாதம் போனால் அங்கே மட்டும் திட்டுத் திட்டாகக் கரும்பச்சை. தம்பியைக் கேட்டேன். "பார்க்கப் பாவமாக இருந்தது அண்ணா, 15-15-15 உரம் ஒரு கைப்பிடி தூவினேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. காய்கிற பயிரைக் கண்டால் கை சும்மா இருக்காது. நான் தனியாக நின்றிருந்தால் நானும் தூவியிருப்பேன். ஆனால் கணக்கு கணக்குதான். பொறுப்புக் காலத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினோம். நோட்டில் பழைய தேதியை அடித்து, புதிய தேதியை இருவரும் கையெழுத்திட்டு எழுதினோம்.

விளைச்சலை அளப்பது மூடலைவிடக் கடினம். எங்களால் ஆடு விட முடியாது, ஆகவே அரிவாள்தான் ஆடு. எங்கள் நிலத்தையும் ஒப்பீட்டு நிலத்தையும் ஒரே நாளில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிச் சமன் செய்வோம். 60 நாள் விட்டு, சீட்டில் வரும் இடத்தில் சட்டத்தை வைத்து, உள்ளே வளர்ந்ததை அதே ஐந்து சென்டிமீட்டருக்கு வெட்டித் தாள்பையில் போடுவோம். களையைப் பிரித்து வெளியே எறிய வேண்டும். ஒரு சட்டத்துக்கு 20 நிமிடமாவது பிடிக்கும். பச்சை எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, முதல்நாள் மழை பெய்தாலே மாறிவிடும். காய்ந்த எடைதான் வேண்டும்.

நாற்றுக் கூடாரத்தில் மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பகலில் காய்ந்தது இரவில் திரும்ப ஈரமாகிறது. மூன்றாம் நாள் இரண்டு பையில் பூஞ்சை. பிறகு வீட்டு அடுப்புதான், கேக் சுடுவதற்காக மனைவி ஆசையாக வாங்கியது. 70 பாகை செல்சியஸில் வைத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை போட்டேன். சோதனைக்கு வைத்த ஒரு பெரிய பை 24 மணி நேரத்தில் 61 கிராம், 36இல் 58, 48இல் 58. எடை மேலும் இறங்காவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். வீடு முழுவதும் வைக்கோல் வாசனை. மாமியாருக்கு மட்டும் அது பிடித்திருந்தது, ஊர்க் களம் ஞாபகம் வருகிறது என்றார். மின் கட்டணத்தில் அந்த மாதம் 14 வெள்ளி கூடியது.

மார்ச் 2025இல் மூடலை அளந்தோம். கோடுகள் 84, 78, 86, 76. சராசரி 81. ஒப்பீட்டு நிலம் 86. எட்ட வேண்டியது 77.4. தேறிவிட்டோம் என்று தம்பி கையைத் தட்டினார். ஆனால் நம்பக எல்லையை (சில இடங்களை மட்டும் அளப்பதால் வரக்கூடிய பிழையைச் சராசரியிலிருந்து கழித்த எண்; அதுவும் தேற வேண்டும் என்று வைத்திருந்தோம்) கணக்கிட்டபோது, நான்கே கோடுகளும் அவற்றுக்கிடையே இவ்வளவு ஏற்ற இறக்கமும் இருந்ததால், கீழ் எல்லை 77.1. வேண்டியதைவிட 0.3 குறைவு. அன்றே இன்னும் நான்கு கோடு போட்டால் தேறிவிடலாம் என்று ஆசை வந்தது. விடை பிடிக்கவில்லை என்பதற்காக அளவைக் கூட்டினால் அது அளவெடுப்பே அல்ல. அடுத்த முறை பத்துக் கோடு, பத்துச் சட்டம் என்று அன்றே முன்கூட்டி எழுதி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஆகஸ்ட் 2025. பத்துக் கோட்டின் சராசரி 82, கீழ் எல்லை 79.8. ஒப்பீட்டு நிலம் 87, எட்ட வேண்டியது 78.3. மூடல் தேறியது. நிலக்கடலைக் கொடி கல் இடுக்கெல்லாம் புகுந்து பூத்திருந்தது. கௌ கிராஸுக்கு இணையாக அது நிலத்தைப் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு விளைச்சல். ஒரு சட்டத்துக்குக் காய்ந்த எடை சராசரி 34 கிராம். ஒப்பீட்டு நிலத்தில் 36. எட்ட வேண்டியது 32.4. சராசரி தாண்டியிருக்கிறது, ஆனால் கீழ் எல்லை 31.0. தேறவில்லை. பத்து எண்ணையும் வரிசைப்படுத்தி எழுதியபோது காரணம் கண்ணில் அறைந்தது: 25, 27, 28, 29, 31, பிறகு 36, 38, 40, 42, 44. நடுவில் ஒரு பள்ளம். சீட்டு எடுத்ததில் ஐந்து சட்டம் மேல்பாதியிலும் ஐந்து கீழ்ப்பாதியிலும் விழுந்திருந்தன. சிறிய எண் ஐந்தும் மேல்பாதி.

பத்து மில்லிமீட்டர் கட்டுமானக் கம்பி ஒன்றை உடல் எடையைக் கொடுத்து அழுத்தினேன். கீழ்ப்பாதியில் 28, 30 சென்டிமீட்டர் வரை போனது. மேல்பாதியில் 14இல் நின்றது. சிறிய குழி வெட்டிப் பார்த்தால் வேர்கள் அங்கேயே மடங்கிப் பாய்போலப் பின்னியிருந்தன. ஏப்ரல் 2023இல் கண்ட அதே காட்சி, பத்துச் சென்டிமீட்டர் கீழே. மேலிருந்து பார்த்தால் இரண்டு பாதிக்கும் வேறுபாடே தெரியவில்லை. மூடலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மூடலை மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால் "எல்லா இடமும் சுமார் 25 செ.மீ." என்ற என் வரி உண்மையாகவே நின்றிருக்கும்.

மேல்பாதியை இப்போது கிளறலாமா என்று இரண்டு மாலை பேசினோம். கிளறினால் நட்ட புல் போகும், பொறுப்புக் காலமும் மறுபடி முதலிலிருந்து. இந்த நிலத்தைத் தொடுவதில்லை என்று முடிவு. வேலியோரம் இதே மண்ணில் இன்னொரு 40 சதுர மீட்டர் இருக்கிறது. தவுக்கே அதையும் கொடுத்துவிட்டார். அங்கே கையால் குத்தப் போவதில்லை. கொத்துப் பல் பொருத்திய சிறிய மண்தோண்டி ஒரு நாள் வாடகைக்கு, ஓட்டுநரோடு, 400 வெள்ளி சொல்கிறார்கள். முதல் முறை அடித்துப்போன மண்ணுக்கே 310 கொடுத்தேன் என்று நினைத்தால் இது அதிகமில்லை. ஆழத்தை மீட்டருக்கு ஓரிடம் கம்பி இறக்கி அளந்து, அளந்தபடியே எழுதுவோம். கினியா புல் தூரை 60க்குப் பதில் 45 சென்டிமீட்டரில் வைப்போம். கலவை மண்ணைத் தனி அடுக்காகப் பரப்ப மாட்டோம். சுண்ணாம்பை மேலே தூவாமல் கிளறும்போதே உள்ளே போடுவோம். உலர்த்துவதற்குப் பழைய அடுப்பு ஒன்று 35 வெள்ளிக்குக் கிடைத்திருக்கிறது. பண்ணைக் கொட்டகையில் வைத்தாயிற்று. மனைவியின் அடுப்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பழைய நிலத்தின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே நான்கு முளை அடித்துச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். இனி இரண்டையும் தனித்தனியாக அளப்போம். அடுத்த சமன் வெட்டு ஜனவரி 10, அறுபதாம் நாள் மார்ச் 11. பிப்ரவரி வறட்சி நடுவில் வரும். உர மூட்டையைத் தம்பியே கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்.